சிங்கப்பூருக்கு வொர்க் பெர்மிட்டில் போகிறேன். ஏஜென்ட் சொன்ன சம்பளத்தை நம்பலாமா?

ஏஜென்ட் வாயால் சொன்னதை விடுங்கள், ஐபிஏ கடிதத்தை, அதாவது வொர்க் பெர்மிட்டுக்கு சிங்கப்பூர் அரசு தரும் முன் ஒப்புதல் கடிதத்தைப் பாருங்கள். விமானம் ஏறும் முன்பே அது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும், தமிழிலும் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் தனித்தனி வரியாக இருக்கும். ஏஜென்ட் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று சொல்லி, கடிதத்தில் அடிப்படை 500 என்று இருந்தால் ஓவர்டைம் கணக்கு அந்த 500-ஐ வைத்துத்தான் ஓடும். இதைக் கவனிக்காமல் போய் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். கடிதத்தை போனில் படம் எடுத்து வீட்டுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.

அப்புறம், லெவி என்பது வெளிநாட்டுத் தொழிலாளரை வைத்திருப்பதற்காக அரசுக்குக் கட்டும் கட்டணம். அது முதலாளி கட்ட வேண்டியது, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை அவர் வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம், 14 நாளுக்குள் ஓவர்டைம் பணம். ஓவர்டைம் என்றால் மணிக்கு ஒன்றரை மடங்கு.

பணம் வரவில்லையா? டாடம் (TADM) என்ற சமரச அமைப்பில் புகார் கொடுக்கலாம். வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அங்கே வாய்ச்சண்டை எடுபடாது. தினமும் வேலைக்குப் போன நேரம், முடிந்த நேரம் இரண்டையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைத்திருந்தால் பேச்சுக்கு பலம் இருக்கும். வேலையில் அடிபட்டால் கதை வேறு, அதற்குத் தனி இழப்பீட்டுச் சட்டமே இருக்கிறது.