தோளை நோகடிக்காத தோட்டா

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எங்களுக்குக் காபித் தோட்டம். அப்பா வைத்திருந்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போது என் பெயரில் லைசென்ஸ் ஆகியிருக்கிறது. பயிற்சிக்குப் போய் நாலு ரவுண்டு சுட்டதுமே தோள் கன்றிப்போனது. சேலத்தில் கடைக்காரர், "பெரிய ரவைதான் உதைக்கும், பொடி ரவையா வாங்கிக்குங்க மேடம்" என்கிறார். சரிதானா?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: சரியில்லை, அம்மா. ரவையின், அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் ஈயக் குண்டின், பருமனுக்கும் உதைக்கும் சம்பந்தமே கிடையாது. மொத்த எடையும் வேகமும் ஒன்றாக இருந்தால் 6ஆம் நம்பர் ரவையும் அதைவிடப் பொடியான 8ஆம் நம்பர் ரவையும் ஒரே மாதிரிதான் உதைக்கும். தோட்டாவுக்குள் மொத்தம் எத்தனை கிராம் ஈயம், அது என்ன வேகத்தில் கிளம்புகிறது, உங்கள் துப்பாக்கி எத்தனை கிலோ என்பதுதான் கணக்கு. பெட்டியில் கிராம் அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். வேகம் மாறாமல் 36 கிராமிலிருந்து 28க்கு இறங்கினாலே உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஒலிம்பிக்கில் ட்ராப் என்ற பறக்கும் தட்டுப் போட்டியில் சுடுகிறவர்களுக்கே 24 கிராம்தான் உச்சவரம்பு. 'மேக்னம்' (கூடுதல் பலமான தோட்டா) என்று போட்ட பெட்டியைத் தொடவே தொடாதீர்கள்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. அப்பா காலத்துத் துப்பாக்கி என்கிறீர்கள். பழைய இரட்டைக்குழல்கள் பலவற்றில் தோட்டா உட்காரும் சேம்பர் 65 மில்லிமீட்டர்தான். இன்று கடையில் தருவது பெரும்பாலும் 70. அந்த 70 என்பது சுட்டு, தோட்டாவின் மடித்த வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை என்பதால் சின்ன சேம்பருக்குள்ளும் தடையில்லாமல் போய் உட்கார்ந்துவிடும். சுடும்போது விரிய இடமில்லாமல் குழலுக்குள் அழுத்தம் ஏறும். உதையும் ஏறும், ஆபத்தும் ஏறும். உங்கள் தோள் கன்றியதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி ரிப்பேர்காரரிடம் சேம்பரை அளந்து பார்க்கும்வரை இன்னொரு ரவுண்டு வேண்டாம்.

அங்கேயே கட்டையின், அதாவது தோளில் ஊன்றும் பின்பகுதியின், நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவின் கைக்கு அமைந்த கட்டை உங்களுக்கு நீளமாக இருக்கும், மலைக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டால் இன்னும் நீளம். கட்டைக்கும் தோளுக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருந்தாலும் அது அடியாகத்தான் விழும். அளவுக்குக் குறைத்து ரப்பர் பேட் பொருத்திக்கொள்ளலாம்.

65 என்று தெரிந்தால், அந்த நீளத் தோட்டாவையே கேளுங்கள். 70 என்றால் 28 கிராம், கிடைத்தால் 24. லைசென்ஸில் உள்ள எண்ணிக்கைக்குள்தான் வாங்க முடியும் என்பதால், முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள்.