பிள்ளைகளுக்கு நன்றியோடு கும்பிட எப்படிப் பழக்குவது? என் மகன் சாமியிடம் கேட்க மட்டும்தான் செய்கிறான்

என் ஏழு வயது மகளும் அப்படித்தான். விளக்கு வைத்ததும் கண்ணை இறுக்கி மூடி, "பிள்ளையாரப்பா, சைக்கிள் வேணும், கணக்குச் சோதினையில நூறு வேணும்" என்பாள். கேட்கட்டும். பிள்ளை தன் ஆசையைக் கடவுளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லும்?

ஆனால் எதற்கு நன்றி என்று தெரியாத பிள்ளையை "நன்றி சொல்லு" என்று நெருக்கினால் அது வாய்ப்பாடம் ஆகிவிடும். எங்கள் யாழ்ப்பாணத்தில் பூசை முடிவில் 'வான்முகில் வழாது பெய்க' பாடுவோம், கந்தபுராணத்து வாழ்த்து. மகளும் மூச்சுவிடாமல் பாடுவாள். ஒருநாள் கேட்டேன்: "வான்முகில் எண்டா என்ன பிள்ளை?"

"தெரியாதம்மா, சாமிப் பாட்டு."

கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். கார்த்திகை மாதம். ஆவணியில் அடிக்கல் தெரிந்த கிணற்றில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. "எங்கட ஊரில ஆறு இல்லை. பெய்யிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கி, கீழ கிடக்கிற உப்புத்தண்ணிக்கு மேல நல்ல தண்ணியா நிக்குது. அதைத்தான் குடிக்கிறம்" என்று செம்பில் அள்ளிக் கொடுத்தேன். குடித்துவிட்டு வெகுநேரம் கிணற்றையே எட்டிப் பார்த்தாள்.

பிறகு போரால் ஊரே வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வைச் சொன்னேன். எனக்கு அப்போது பத்து வயது. ஐப்பசி மழை. ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரத்தைச் சுற்றின வலிகாமத்துச் சனம் செம்மணி, நாவற்குழி வழியே கிழக்கே தென்மராட்சிக்கு நகர்ந்தது. அடி வைக்க இடமில்லை, குடிக்கத் தண்ணீரில்லை. அம்மம்மா குடையைத் தலைகீழாகப் பிடித்து, தேங்கின மழைத்தண்ணீரைச் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் ஊற்றி எனக்கும் தம்பிக்கும் தந்தா. நாங்கள் குடித்து முடிந்தபின் "முருகா" என்றா, அவ்வளவுதான். வீடு, மாடு, நெல்மூட்டை எல்லாவற்றையும் விட்டு வந்தவ, அந்த நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "சாப்பாடில்லாத பிள்ளைகளைப் பார், உனக்கு இருக்குது, நன்றி சொல்லு" என்று சொல்லிக் கும்பிட வைக்காதீர்கள். மற்றவனின் பசியைப் பார்த்துத் தன் நிலைக்கு ஆறுதல்பட அது பழக்கிவிடும். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். எனக்கு அது குற்ற உணர்வைத்தான் தந்தது.

அதைவிடப் பிள்ளையின் கையில் வேலையைக் கொடுங்கள். தைப்பொங்கலன்று முற்றத்தில் பால் பொங்கினதும், இரண்டு கையாலும் அரிசி அள்ளி, பானையை மூன்று தரம் சுற்றிப் போட எங்கள் வீட்டில் மகளைத்தான் முதலில் விடுவேன். சூரியனுக்குப் படைத்தபின்தான் எங்களுக்குச் சாப்பாடு. பசியோடு காத்துநிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் அவளே கேள்வி கேட்கத் தொடங்குவாள்.

இடப்பெயர்வுக் கதையைக் கேட்டுவிட்டு அவள் கேட்டது, "அந்தக் குடை இப்ப எங்கையம்மா?" குடை இல்லை, அவளுக்குப் பூட்டியான அம்மம்மாவும் இல்லை. அன்று மாலை விளக்கடியில் நின்று, "பிள்ளையாரப்பா, பூட்டிக்கு மழை தந்ததுக்கு நன்றி" என்றாள். பிறகு சைக்கிளையும் கேட்டாள். இரண்டுக்கும் நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.