அம்மா சொன்னதும் தொலைபேசி எழுதியதும்

அன்புள்ள ஐயா,

நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். அம்மா பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. வேலை நேரத்தில் குரல் பதிவுகளைக் கேட்க முடியாததால், பேசினால் எழுத்தாகும் வசதியை அவருக்குப் பழக்கினேன். பாதிச் சொற்கள் தவறாக வருகின்றன. செய்தி வாசிப்பவரைப் போலத் திருத்தமாகப் பேசச் சொன்னேன்; இப்போது அவர் அனுப்புவதே குறைந்துவிட்டது. இதற்கு எந்தத் தொலைபேசி நல்லது? வருங்காலத்தில் தட்டச்சே இருக்காது என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

எந்தத் தொலைபேசி என்பதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். தட்டச்சு அழியட்டும், அழியாமல் போகட்டும். போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பெற்றவளையா திருத்தமாகப் பேசச் சொன்னீர்கள்?

1952இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான ‘ஆட்ரி’ என்ற கருவி எண்களை மட்டுமே அறிந்தது, அதுவும் பழகிய குரலில்தான் நன்றாக அறிந்தது. 2017இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் சேர்ந்தபோதும் அந்த இயல்பு முற்றிலும் மாறிவிடவில்லை. இவை கேட்டுப் பழகிய பேச்சைக் கொண்டு, எந்தச் சொல்லையடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்றும் கணித்தே எழுதுகின்றன. பிரட்டு (காலை ஆள்கணக்கு), கவ்வாத்து (செடி வெட்டுதல்), அரைப்பேர் (அரைநாள் கூலி) என்று பேசுகிற தோட்டத்து மக்களின் குரலைப் போதிய அளவு கேட்டிராத கருவி, தனக்குத் தெரிந்த வேறொரு சொல்லைக் கூசாமல் போட்டுவிடும்.

மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்த 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி போனவர்களில் என் அப்பாயியின் தங்கையும் ஒருவர், நீலகிரியில் குடியேறினார். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எழுதத் தெரிந்த பெரியவர் ஒருவரே எல்லாருக்கும் கடிதம் எழுதுவார். மழை விடவில்லை, அரைப்பேர்தான் போடுகிறார்கள், சிவப்பி கன்று போட்டுவிட்டது என்று அப்பாயி சொல்லச் சொல்ல, அவர் ‘இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்’ என்று அழகாக எழுதிக்கொண்டே போவார். அப்பாயிக்கு ஓர் எழுத்தும் தெரியாது; ஆனால் முழுவதையும் வாசித்துக் காட்டாமல் உறையை ஒட்ட விடமாட்டார். “நான் சொன்னது எங்கண்ணே?” என்று அவர் கேட்டதும், பெரியவர் முணுமுணுத்தபடி கடிதத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதுவார். நீலகிரியிலிருந்து வந்த பதில்களெல்லாம் அந்த ஓரத்து வரிகளுக்குத்தான்.

உங்கள் அம்மாவுக்கு அந்த வசதிகூட இல்லை. திரையில் என்ன விழுந்தது என்று தெரியாமலே அனுப்புகிறார். தவறு என்று பிறகு நீங்கள் சொல்லித்தான் அறிகிறார். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டும் வசதி தொலைபேசியில் உண்டு. தீபாவளிக்குப் போகும்போது அதை அமைத்துக் கொடுத்து, பிழையானால் அழிக்கவும் பழக்குங்கள். இத்தகைய கருவிகளைப் பழக்குவதற்காகப் பொதுமக்களின் குரல்களைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழும் இருக்கிறது. உங்கள் குரலைப் பதிந்து கொடுத்தால் நம் பேச்சும் கொஞ்சம் அங்கே சேரும்.

அதுவரை அவர் குரலையே அனுப்பட்டும். தேநீர் குடிக்கிற நேரத்தில் கேட்க முடியாத அளவுக்கு எந்த முதலாளியும் உங்களைக் கட்டிப்போட்டிருக்க மாட்டார். செய்தி குறைந்தது ஏன் என்று என்னிடம் கேட்காமல், இன்றிரவே அழைத்து அவரிடம் கேளுங்கள். அவர் பேசுகிறபடியே பேசட்டும்.