‘முதலில் உடம்பைக் குறைங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 46. மலேசியாவில், பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எடை 88 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். ஒன்றரை வருடமாக மாதவிலக்கு ஒழுங்கில்லை. வந்தால் பத்து நாள் நிற்காது, கட்டி கட்டியாகப் போகிறது. மூன்று கிளினிக்குக்குப் போனேன். மூன்றிலும், ‘முதலில் உடம்பைக் குறைங்க, எல்லாம் சரியாகும்’ என்றார்கள். ஓர் இடத்தில் டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எட்டு மாதமாக எங்கும் போகவில்லை. இந்த வருடத் தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோவில் படியில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். ‘இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஏறினால் இப்படித்தான்’ என்றார் மாமியார். கொஞ்சம் குறைத்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

பதில்: சகோதரி, சரியில்லை. குறைத்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போங்கள்.

தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கு மேல் படி. அதில் யாருக்கும் மூச்சு வாங்கும், எடையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது இரத்தச் சோகை. பத்து நாள் இரத்தம் போகிற பெண் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார் என்றால், எடை பார்க்கும் தராசுக்கு முன்னால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் சோகை. 8, 7 என்று இறங்கியவர்கள்கூட வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். மெல்ல மெல்ல இறங்குவதால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அசதி எல்லாவற்றையும் நாம் ஷிப்ட் மேலேயும் வயது மேலேயும் போட்டுவிடுவோம். விரல் நுனியில் ஒரு குத்து, சில நிமிடங்களில் எண் தெரிந்துவிடும். மூன்று கிளினிக்கில் ஒன்றிலாவது இதைச் செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்திருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த ‘உடம்பைக் குறைங்க’ விஷயத்துக்கு வருகிறேன். எடைக்கும் உங்கள் இரத்தப்போக்குக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் அந்த மூன்று பேரும் உங்களைச் சும்மா அனுப்பியிருக்கக் கூடாது.

கொழுப்பு உடம்பில் வெறுமனே சேர்ந்து கிடப்பதில்லை. ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோனை அதுவும் தயாரிக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கும்போது சில மாதங்களில் கருமுட்டை வெளிவராது. அந்த மாதங்களில் ஈஸ்ட்ரோஜெனைக் கட்டுப்படுத்துகிற புரோஜெஸ்டிரோன் சுரக்காது. கட்டுப்பாடில்லாத ஈஸ்ட்ரோஜென் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கவைத்துக்கொண்டே போகும். தடித்த சுவர் தாறுமாறாக உதிரும். உங்களுக்கு நடப்பது இதுவாக இருக்கலாம். நார்க்கட்டி, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, தைராய்டு கோளாறு என்று வேறு காரணமும் இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லாத காரணம்தான். ஒரு சிலருக்கு மட்டும் அந்தத் தடிப்பு புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவோ புற்றுநோயாகவோ இருக்கும். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய், உடல் பருமனோடு மிக நெருங்கிய தொடர்புள்ள புற்றுநோய்களில் ஒன்று. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகக்கூடியதும் அதுவே. அது காட்டும் முதல் அறிகுறி பெரும்பாலும் முறையில்லாத இரத்தப்போக்குதான். அதனால் 45 வயதைத் தாண்டியவருக்கு இப்படி ஆனால், உட்சுவரிலிருந்து சிறிது திசு எடுத்துப் பரிசோதிப்பது வழக்கமான மருத்துவம். பருமன் இருந்தால் 45க்குக் கீழேயே அதை யோசிக்க வேண்டும். அதாவது, உங்கள் எடை, சோதனையை முன்னுக்கு இழுக்க வேண்டிய காரணம். அந்தக் கிளினிக்குகளில் அதையே தள்ளிப்போடும் காரணமாக ஆக்கிவிட்டார்கள். எடைப் பாகுபாடு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். திட்டுவதும் முகம் சுளிப்பதும் அதில் வெளியே தெரிகிற பகுதி. கேட்காத கேள்வியும் செய்யாத சோதனையும் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு பெண் கால் வலி, கால் வீக்கம் என்று வந்தார். நூறு கிலோவுக்கு மேல் இருப்பார். நீர் கோத்திருக்கிறது, எடையைக் குறைக்க வேண்டும் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். வார்டில் இருந்த மூத்த மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர் அளவு நாடாவை எடுத்துவந்து, அந்த அம்மாவின் இரண்டு கெண்டைக்காலையும் என் கண்ணெதிரே அளந்தார். ஒன்று மற்றதைவிட 4 சென்டிமீட்டர் பெரிது. உடல் பருமனால் வருகிற வீக்கம் ஒரு காலைத் தேர்ந்தெடுத்து வராது. ஸ்கேனில் பார்த்தால், காலின் ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தது. அது நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த அம்மாவின் உடம்பைப் பார்த்தவுடன் எனக்குப் பதில் கிடைத்துவிட்டதாக நினைத்தேன், அதனால் காலைப் பார்க்கவில்லை. அந்த மிஸ்ஸி கையில் வைத்திருந்த நாடாவை நான் இன்றுவரை மறக்கவில்லை.

நாடா என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். கிளினிக்கில் பிரஷர் எடுக்கும்போது கையில் சுற்றும் பட்டை பற்றியது. காற்று ஏற ஏறப் பட்டை சரசரவென்று பிரிந்துவிடுகிறதா? மறுபடியும் இழுத்து ஒட்டி, மிஸ்ஸி கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாரா? அப்படியென்றால் அந்தப் பட்டை உங்கள் கைக்குச் சிறியது. வழக்கமான பட்டை, மேல்கைச் சுற்றளவு சுமார் 27 முதல் 34 சென்டிமீட்டர் வரை உள்ளவர்களுக்கானது. அதற்கு மேல் என்றால் பெரிய பட்டை வேண்டும். 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையால் அளந்தபோது மேல் எண் சராசரியாக 20 அளவுக்குக் கூடுதலாகக் காட்டியது. இல்லாத இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். வீட்டில் தையல் நாடா இருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘பெரிய கஃப் வேண்டும்’ என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செருப்புக்கடையில் நம் கால் அளவைச் சொல்லிக் கேட்பதில்லையா, அது போலத்தான்.

எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் பிஎம்ஐ என்ற எண்ணைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. நீங்கள் தந்த எண்களுக்கு ஏறக்குறைய 36.6 வருகிறது. 1830களில் பெல்ஜியத்தின் கேத்லே என்ற புள்ளியியலாளர் மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியப் போட்ட கணக்கு அது. மலேசிய வழிகாட்டியில் 23ஐத் தாண்டினால் அதிக எடை, 27.5ஐத் தாண்டினால் பருமன். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால் அந்தக் கோட்டைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். நீரிழிவு அபாயத்தைப் பற்றிப் பேச அந்த எண் உதவும். உங்களுக்கு ஏன் இரத்தம் போகிறது என்பதை அது சொல்லாது. இன்னொன்று, 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடையேதான் விகிதம் அதிகம். காத்திருக்கும் நாற்காலிகளில் பாதிக்கு மேல் உங்களைப் போன்றவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒல்லியானவரை மனத்தில் வைத்துக்கொண்டு நடத்தப்படும் கிளினிக் யாருக்காக நடக்கிறது?

வெட்கப்படுத்தினால் நோயாளி திருந்தி எடையைக் குறைப்பார் என்று சில டாக்டர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். நம் வீடுகளிலும் அந்த நம்பிக்கை உண்டு. கல்யாணத்துக்குப் போனால் ‘என்னம்மா, சதை போட்டுட்டியே’ என்பதுதான் முதல் விசாரிப்பு. ஆனால் நடப்பது வேறு. இங்கிலாந்தில் சுமார் 3,000 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக ஒரு கிலோ அளவுக்கு எடை கூடியிருந்தது. மற்றவர்களுக்குச் சற்றே குறைந்திருந்தது. 2020 மார்ச்சில் உலகின் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ, அறிவியல் அமைப்புகள் சேர்ந்து, இந்த இழிவு நோயாளிகளுக்குத் தீங்கு செய்கிறது, நிறுத்த வேண்டும் என்று பகிரங்கமாக அறிவித்தன. இவ்வளவும் எதற்கு, நீங்களே எட்டு மாதம் போகவில்லையே. அந்த எட்டு மாதமும் இரத்தம் போய்க்கொண்டுதானே இருந்தது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரே ஒரு தாளில் கடைசி ஆறு மாதத்தை எழுதுங்கள். எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எத்தனை நாள், அதிகமாகப் போகும் நாளில் எத்தனை பேட், 50 சென் காசைவிடப் பெரிய கட்டி விழுகிறதா, படுக்கை நனைந்து எழுந்த இரவுகள் எத்தனை. கீழே ஒரு வரி: ‘படியேறினால் மூச்சு வாங்குகிறது, புதிது.’ சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநல மருந்துகள் சில, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி ஆகியவை எடையைக் கூட்டக்கூடியவை. பின்னால் எடையைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

உங்கள் பகுதி அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள், 1 வெள்ளிதான். டாக்டர் எடையில் ஆரம்பித்தால் சண்டை போட வேண்டாம். ‘எடையைப் பற்றி இன்னொரு நாள் கட்டாயம் பேசுகிறேன் டாக்டர், இன்று இந்த இரத்தப்போக்குக்காக வந்திருக்கிறேன்’ என்று சொல்லித் தாளை நீட்டுங்கள். அதன் பிறகும் அதே பதில் வந்தால் இந்த ஒரு கேள்வியை மலாயில் கேளுங்கள்: ‘காலாவ் ஓராங் குருஸ் டாத்தாங் டெங்ஙான் மசாலாஹ் சாமா, டாக்டர் புவாட் உஜியான் அப்பா?’ இதே பிரச்சினையோடு ஒல்லியான ஒருவர் வந்தால் என்ன சோதனை செய்வீர்கள், அவ்வளவுதான். குரலை உயர்த்தாமல், தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலக் கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் கெட்டவர்கள் இல்லை. வெளியே அறுபது பேர் காத்திருக்க, ஐந்து நிமிடத்தில் கைக்கு எட்டிய பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கேள்வி அவர்களை ஒரு நொடி நிறுத்தும்.

முழு இரத்தப் பரிசோதனை, தைராய்டு, கர்ப்பச் சோதனை, சர்க்கரை, இவற்றைக் கேளுங்கள். 46 வயதிலும் கர்ப்பச் சோதனை வழக்கம்தான், தப்பாக நினைக்காதீர்கள். அப்புறம் ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும்போது ‘கொழுப்பால் தெளிவாகத் தெரியவில்லை’ என்று சொல்லி முடித்துவிடுவது உண்டு. பிறப்புறுப்பின் உள்வழியாக எடுக்கும் ஸ்கேனில் வயிற்றுக் கொழுப்பு குறுக்கே வராது, அதைக் கேட்டு வாங்குங்கள். மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவுக்கு சூராட் ருஜுகான் (பரிந்துரைக் கடிதம்) எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கேதான் திசு எடுப்பார்கள். எந்தச் சோதனையும் தேவையில்லை என்று டாக்டர் முடிவு செய்தால், காரணத்தோடு அதை ரெகோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்றதும் பலர் மறுபடி யோசிப்பார்கள்.

அவமானப்படுத்தினால் புகார் செய்ய வழி இருக்கிறது. அரசாங்க இடமென்றால் சுகாதார அமைச்சின் சிஸ்பா இணையப் புகார் முறை. தனியார் என்றால், 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டத்தின் விதிகள்படி நோயாளிகளின் குறைகளை விசாரிக்க அவர்களிடம் ஏற்பாடு இருக்க வேண்டும். மருத்துவரின் நடத்தை பற்றி மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுதலாம். ஆனால் உங்கள் நிலையில் புகார் பிறகு, இரத்தப் பரிசோதனை முதலில்.

எடை? அதையும் விட்டுவிட வேண்டாம். காரணம் தெரிந்து, சோகை சரியாகிவரும்போது பேசலாம். உடல் எடையில் 5 விழுக்காடு, உங்களுக்கு நான்கரை கிலோ போல, குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வரத் தொடங்கும். இப்போது மட்டும், இரத்தம் குறைந்திருக்கலாம் என்ற நிலையில், இரவுச் சோற்றை நிறுத்துவது, மூலிகைப் பானம் குடித்துப் பட்டினி கிடப்பது எதுவும் வேண்டாம்.

மணிக்கு ஒரு பேட் என்று இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தாலோ, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு வந்தாலோ, கிளினிக் அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி, கூட யாரையாவது அழைத்துப் போங்கள், மாமியார் வேண்டாம். நீங்கள் தடுமாறினால் அந்தத் தாளை டாக்டரிடம் நீட்ட ஒரு கை வேண்டும். ஹீமோகுளோபின் எண் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.