யானையைக் கண்டதும் திரும்பிய வழிகாட்டி: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு தேக்கடி போயிருந்தோம். காலையில் காட்டுக்குள் நடை. தூரத்தில் யானைக்கூட்டம் ஒன்று தெரிந்தது. கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, எங்கள் வழிகாட்டி 'போதும், திரும்பலாம்' என்று கூட்டி வந்துவிட்டார். பிளஸ் டூ படிக்கும் மகனுக்குப் பெரிய ஏமாற்றம். என் நண்பரோ, வேறொரு காட்டில் தன் வழிகாட்டி யானையைப் பக்கத்திலேயே கொண்டுபோய்க் காட்டினார் என்கிறார். நல்ல வழிகாட்டி என்று யாரைச் சொல்வீர்கள்? அடுத்த முறை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

உங்களுக்கு வாய்த்தவர் நல்ல வழிகாட்டி. பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டியவரோடு என் வீட்டுப் பிள்ளைகளை நான் அனுப்ப மாட்டேன்.

யானைக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை. அதனால் அனுபவமுள்ளவர் முதலில் காற்றைத்தான் பார்ப்பார். பொடிமண்ணைக் கையில் எடுத்து உதிர்த்தால் அது பறக்கும் திசை தெரிந்துவிடும். நம் வாசனை கூட்டத்தின் பக்கம் போகிறதென்றால் அங்கே நிற்கக் கூடாது. அப்புறம், கூட்டத்தில் குட்டி இருக்கிறதா, எந்த யானையாவது துதிக்கையைத் தூக்கி மோப்பம் பிடிக்கிறதா என்று கவனிப்பார். யானைக்குக் கோபம் வந்தால் பிளிறும் என்று நாம் நினைக்கிறோம். அதற்கு வெகு முன்பே, மேய்ந்துகொண்டிருந்தது மேய்ச்சலை நிறுத்திவிட்டுக் காதை விரித்து அசையாமல் நிற்கும். தெரிந்தவருக்கு அது போதும். உங்கள் வழிகாட்டி இதில் ஏதாவது ஒன்றைப் பார்த்திருப்பார். நாம் வந்துபோனதால் விலங்கு தன் வேலையை நிறுத்தக் கூடாது. என்னைக் கேட்டால், வழிகாட்டியை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

தேக்கடியில் இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். பெரியாறு காட்டில் வயனா என்று ஒரு மரம் உண்டு, இலவங்கப்பட்டையின் இனம். அதன் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று வாழ்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள். வனத்துறையிடம் அகப்படாமல் காட்டிலேயே தங்கியவர்கள் என்பதால் ஒவ்வொரு ஓடையும் யானைத்தடமும் அவர்களுக்கு மனப்பாடம். தொண்ணூறுகளில் அவர்களில் பலர் அந்தத் தொழிலை விட்டுவிட, வனத்துறை அவர்களை ஒரு குழுவாக்கிப் பயணிகளை அழைத்துப் போகும் வேலையைக் கொடுத்தது. காட்டைக் காவல் காப்பதும் அவர்கள் வேலையானது. மன்னான், பளியர் போன்ற பழங்குடிகளும் அங்கே வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். பயிற்சி வகுப்பு பெயர்களைக் கற்றுத்தரும். கருமந்தி உச்சிக்கிளையிலிருந்து கீழே ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே என்ன இருக்கலாம், மிளா மான் நின்ற இடத்திலேயே விடாமல் குரல் கொடுத்தால் பக்கத்தில் புலி இருக்கிறது என்று எவ்வளவு நம்பலாம் என்பதெல்லாம் காட்டில் வருடக்கணக்காக நடந்தவருக்கே பிடிபடும்.

பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்தில் தவளைவாயன் என்ற பறவை பகல் முழுக்கக் காய்ந்த சருகு மாதிரி கிளையில் உட்கார்ந்திருக்கும். நீங்களும் நானும் அதற்கு நேர் கீழே நின்றாலும் கண்ணில் படாது. அதைக் கண்டுபிடித்துக் காட்டுவது பெரிய திறமைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, சில நிமிடத்திலேயே 'பிளாஷ் வேண்டாம், வாங்க போகலாம்' என்று எல்லோரையும் நகர்த்துகிறவரின் உறுதி. பதிவுசெய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுப் பறவையை வரவழைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது தன் எல்லையைக் காக்க ஓடி வருகிறது. அந்த நேரத்தில் அது இரை தேடியிருக்கும், அல்லது கூட்டில் இருந்திருக்கும். இதைச் செய்கிறவர் எத்தனை பறவை காட்டினாலும் எனக்கு அவர் வேண்டாம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? தேக்கடியில் பெரும்பாலும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அனுப்பப்படுகிறவரோடுதான் போகிறோம். ஆனால் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பது பாதி நம் கையில் இருக்கிறது. வண்டியை நெருக்கமாக விடுவதும் யானைப் பக்கம் போவதும் பல நேரம் பயணிகளின் நச்சரிப்பாலும் டிப்ஸுக்காகவும் நடப்பவை. அதனால் கிளம்பும்போதே 'புலி, யானை பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, நீங்க பார்க்கிறதை எங்களுக்கும் காட்டுங்க' என்று சொல்லிவிடுங்கள். உங்கள் மகனை அவருக்குப் பின்னாலேயே நடக்கச் சொல்லுங்கள். மரத்தில் இருக்கும் நகக்கீறல், சாணத்தின் ஈரம், பழுத்த அத்திமரம் என்று அவர் எதைப் பார்த்து நிற்கிறாரோ அதைப் பற்றி அவனே கேட்கட்டும். திரும்பலாம் என்று அவர் சொன்னால் உடனே திரும்புங்கள். டிப்ஸ் கொடுப்பதாக இருந்தால் அன்றைக்குக் கொஞ்சம் கூடவே கொடுங்கள், எதற்காக என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.