குளிர்காலத்தில் சில பறவைகள் மட்டும் வலசை போவது ஏன்? மற்றவை ஏன் இருந்த இடத்திலேயே இருக்கின்றன?

வயிற்றுப்பாடுதான் காரணம். குளிர் தாங்காமல் பறவைகள் தெற்கே வருகின்றன என்றுதான் பள்ளிக்கூடத்தில் நம்மில் பலரும் படித்தோம். இறகு போர்த்திய உயிருக்குக் குளிர் அவ்வளவு பெரிய பகை இல்லை. வடக்கே பனி கொட்டும் காடுகளில் சிட்டுக்குருவியைவிடச் சிறிய பறவைகள்கூட இறகைச் சிலிர்த்துக்கொண்டு, இரவில் உடல் வெப்பத்தைச் சில டிகிரி குறைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் சமாளிக்கின்றன. ஆனால் அவை விதை தின்னும், அல்லது மரப்பட்டை இடுக்கில் ஒளிந்திருக்கும் புழுவையும் பூச்சி முட்டையையும் துழாவி எடுக்கும். நட்கிராக்கர் என்றொரு பறவை, காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பைன் விதைகளை ஆயிரக்கணக்கில் மண்ணில் புதைத்து வைத்து, பனிக்காலம் முழுவதும் தோண்டித் தின்கிறது. அதற்கு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய அவசியம் என்ன? பறக்கும் பூச்சியை நம்பியிருக்கும் தகைவிலானுக்கும், சேற்றில் அலகை விட்டு இரை தேடும் உள்ளானுக்கும்தான் சிக்கல். பூச்சி மறைந்துவிடும், சேறு உறைந்துவிடும்.

சென்னையில் இருப்பவர்கள் இதை நேரில் பார்க்க வாலாட்டிக் குருவிகள் போதும். வெண்புருவ வாலாட்டி உள்ளூர்ப் பறவை. கறுப்பு வெள்ளை உடம்பு, கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை. ஏரி ஓரத்து வீடுகளின் மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்து காலையில் சீட்டியடிக்கும், நீரை ஒட்டிய சுவர்ப் பொந்துகளில் கூடு கட்டும். ஆண்டு முழுவதும் இங்கேதான். மஞ்சள் வாலாட்டி ஐரோப்பா, ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து வருவது. பெரும்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் எருமைகள் மேயும் ஈரப் புல்லில் பாருங்கள். எருமை ஒரு அடி எடுத்து வைத்தால் பூச்சிகள் எழும்பும்; குளம்புக்கு ஒரு சாண் தள்ளி ஓடி ஓடி அவற்றைக் கொத்தும். வந்த புதிதில் மங்கலாகத்தான் இருக்கும். மார்ச் மாதத்தில் அடிவயிறு மஞ்சள் பூசியது போலாகிவிட்டால் ஊருக்குக் கிளம்பத் தயாராகிறது என்று பொருள்.

ஒரே குடும்பம், ஒரே மாதிரி இரை. ஒன்றின் பிறந்த ஊரில் பூச்சி எந்நாளும் கிடைக்கிறது, மற்றதன் ஊரில் பாதி ஆண்டுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் மஞ்சள் வாலாட்டி இங்கேயே தங்கிவிடலாமே? உங்கள் கேள்வியைவிடச் சுவையான கேள்வி இது என்பேன். மே மாதச் சென்னையை நினைத்துப் பாருங்கள். சதுப்பு நிலம் சுருங்கிவிடும், இருக்கிற ஈரத்துக்கு உள்ளூர்ப் பறவைகள் ஏற்கெனவே போட்டி போடும். நம் ஊரின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. அதே ஜூனில் வடக்கே 18 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம், கொள்ளை கொள்ளையாகப் பூச்சி. குஞ்சுகளுக்கு இரை ஊட்ட அதைவிட நல்ல இடம் ஏது? வழியில் புயலும் வல்லூறும் பசியும் பலவற்றைக் கொன்றுவிடும். ஆனாலும் அங்கே கூடுதலாகப் பிழைக்கும் குஞ்சுகளால் கணக்கு நேராகிவிடுகிறது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. வேடந்தாங்கலுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன என்று ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். அங்கே ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, கரண்டிவாயன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் இங்கே கூடுகின்றன, வற்றியதும் தண்ணீர் உள்ள வேறு இடங்களுக்குக் கலைந்து போகின்றன. வெகுதூரம் வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் அந்த ஏரியில் மேயும், ஓய்வெடுக்கும், கூடு கட்டாது. பள்ளிக்கரணையில் எல்லோரும் படம் எடுக்கும் பூநாரையையும் சைபீரியாவோடு முடிச்சுப் போடுகிறார்கள். இந்தியாவில் அது பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் ரண் என்ற உப்புச் சதுப்பு வெளியில்.

போகிறவை, இருப்பவை என்று இனவாரியாகக் கோடு கிழிப்பதும் சரிவராது. சுவீடனில் சாஃபின்ச் என்ற சிறு பறவையில் பெட்டைகள் பெரும்பாலும் குளிர்காலத்தில் தெற்கே போய்விடும், சில சேவல்கள் தங்கிவிடும். 18ஆம் நூற்றாண்டிலேயே அந்நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதைக் கவனித்திருக்கிறார். நல்ல கூட்டிடத்தை முதலில் பிடிக்கத்தான் சேவல்கள் தங்குகின்றன என்பது ஒரு விளக்கம். ஜெர்மனியின் பறவையியலாளர் பீட்டர் பெர்த்தோல்ட், ஒரு பகுதி மட்டும் வலசை போகும் பிளாக்கேப் பறவைகளைக் கூண்டில் வளர்த்தார். போகத் துடிப்பவற்றைத் தம்முள்ளும், துடிக்காதவற்றைத் தம்முள்ளும் இணைசேர்த்தபோது, சில தலைமுறைகளிலேயே வலசை போவது, போகாதது என இரு பிரிவும் தெளிவாகப் பிரிந்துவிட்டன. வலசை ரத்தத்திலேயே ஊறியது, ஆனால் மாறக்கூடியது. ஸ்பெயினில் ஆப்பிரிக்காவுக்குப் போய்வந்த வெள்ளை நாரைகளில் பல இப்போது குளிர்காலத்திலும் நகர்வதில்லை. குப்பைமேடுகளில் ஆண்டு முழுவதும் தீனி கிடைக்கிறது. பெருங்குடி குப்பைமேட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

கிளம்பும் நாளை மட்டும் பசி முடிவு செய்வதில்லை. பட்டினி தொடங்கும்வரை காத்திருந்தால் பறக்கத் தெம்பு இருக்காது. உடலுக்குள் ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது. பகல் நீள்வதையும் குறைவதையும் வைத்து அது தன்னைத் திருத்திக்கொள்கிறது. நேரம் வந்ததும் பறவை விடாமல் தின்று கொழுப்பைச் சேர்க்கும். நெடுந்தூரம் போகும் சில இனங்கள் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும்.

எது உள்ளூர், எது விருந்தாளி என்று கண்டுபிடிக்க எளிய வழி, தை மாதத்தில் ஒரு காலையும் ஜூன் வெயிலில் ஒரு காலையும் அதே இடத்துக்குப் போய்ப் பார்ப்பதுதான். இரண்டு முறையும் கண்ணில் படுபவை பெரும்பாலும் உள்ளூர். கரையோரப் பறவைகளில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்: இன்னும் இணைசேரும் வயது வராத சில உள்ளான்கள் முதல் கோடையில் வடக்கே திரும்பாமல் இங்கேயே கழித்துவிடும்.