ஒன்றேகால் லட்சம், ஒன்றேகால் கோடி

வணக்கம் சார்,

நகைக்கடன் கடைக்கு ரெயில்ஸில் (ரூபி மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்) ஒரு ஆப் எழுதுகிறேன். தொகை டேட்டாபேஸில் பைசாவாக, இன்டிஜர் (முழு எண்) காலத்தில் (column) இருக்கிறது. கடையில் ‘1,25,000’ என்று கமாவோடுதான் அடிக்கிறார்கள். மாடலில் மதிப்பைப் போடும் செட்டரை ஓவர்ரைடு செய்து கமாவை எடுத்து நூறால் பெருக்குகிறேன், மதிப்பைத் திருப்பித் தரும் கெட்டரில் நூறால் வகுக்கிறேன். நன்றாக ஓடுகிறது. சீனியரோ தொகைக்கென்று சொந்தமாக ஒரு கஸ்டம் டைப் எழுதச் சொல்கிறார். ஓடுவதை ஏன் தொட வேண்டும்?

சு., ஈரோடு

அன்புள்ள சு.,

ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தொகையை 1,25,000 என்று அடித்து, கட்டாயமான வேறொரு கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமியுங்கள். வேலிடேஷனில் (சேமிக்குமுன் நடக்கும் சரிபார்ப்பு) தவறி ஃபார்ம் திரும்பி வரும்போது தொகைக் கட்டத்தில் 12500000 இருக்கும். அந்த நேரத்தில் ரெயில்ஸின் ஃபார்ம் ஹெல்பர் உங்கள் கெட்டரைக் கேட்பதில்லை. டைப் மாற்றத்துக்கு முந்தைய மதிப்பை எடுத்துக் காட்டுகிறது. அங்கே செட்டர் போட்டுவைத்தது பைசா. கடைக்காரர் விடுபட்டதை நிரப்பி மறுபடி அழுத்தினால் கடன் ஒன்றேகால் கோடி. பிளக் (pluck, காலத்தின் மதிப்பை நேராக எடுப்பது) செய்தாலும் பைசாதான் வரும். வேர் (where) கண்டிஷனில் 125000 என்று தேடினால் 1,250 ரூபாய்க் கடன்கள் வந்து நிற்கும்.

சீனியர் சொல்வது சரி. 2016இல் வந்த ரெயில்ஸ் 5.0 முதல் இதற்கென்றே ஆட்ரிபியூட் ஏபிஐ இருக்கிறது. வேல்யூ டைப்பை இன்ஹெரிட் செய்து ஒரு கிளாஸ், அதில் மூன்று மெத்தட். அடித்ததை டைப்புக்கு மாற்றும் கேஸ்ட், கமாவை எடுத்து ரூபாயை பிக்டெசிமலாக (துல்லியமான தசம எண்) தரட்டும் (ஃப்ளோட் வேண்டவே வேண்டாம்). டேட்டாபேஸுக்குப் போகும்போது சீரியலைஸ் நூறால் பெருக்கட்டும், அங்கிருந்து வரும்போது டிசீரியலைஸ் வகுக்கட்டும். டிசீரியலைஸை எழுத மறந்தால் ரெயில்ஸ் கேஸ்டையே கூப்பிடும், பைசா ரூபாயாகிவிடும். சீரியலைஸுக்குள்ளும் முதலில் கேஸ்டைக் கூப்பிடுங்கள். வேரில் கொடுக்கும் மதிப்பு கேஸ்ட் வழியாகப் போவதில்லை, நேராகச் சீரியலைஸுக்குத்தான் வருகிறது. பிறகு டைப்பை ரெஜிஸ்டர் செய்து, மாடலில் ஆட்ரிபியூட் வரி ஒன்று. பழைய செட்டரையும் கெட்டரையும் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள பதிவுகளைத் தொட வேண்டியதில்லை.

ரெயில்ஸ் 7.1இல் வந்த நார்மலைஸஸ் (மதிப்பைச் சீர்செய்யும் வசதி) போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். போதாது. அது கேஸ்டுக்குப் பிறகுதான் வேலை செய்யும். இன்டிஜர் காலத்தில் ‘1,25,000’ அதற்குள் வெறும் 1 ஆகியிருக்கும், எர்ரர்கூட வராது.

காலம் நான்கு பைட் இன்டிஜரா என்றும் பாருங்கள். பைசாக் கணக்கில் அது 2,14,74,836 ரூபாய் 47 பைசாவோடு நின்றுவிடும். ஒரு கடனுக்குப் போதும் என்றாலும் பிக்இன்ட் (எட்டு பைட்) ஆக்கிவிடுவேன்.

மாடலில் நியூமரிக்காலிட்டி (எண்தானா என்று பார்க்கும்) வேலிடேஷன் வைத்திருந்தால், மாற்றியதும் அது ‘எண் அல்ல’ என்று அடம்பிடிக்கும். அது கேஸ்டுக்கு முந்தைய, கமாவோடு இருக்கும் ஸ்ட்ரிங்கைத்தான் பார்க்கிறது. ரெயில்ஸ் 7.0 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் அதை எடுத்துவிட்டு, பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று கம்பாரிசன் வேலிடேஷன் போடுங்கள். அது கேஸ்ட் ஆன மதிப்பைப் பார்க்கும். ‘அபச’ என்று யாராவது அடித்தால் கேஸ்ட் நில் (nil, மதிப்பு இல்லை) தரும்படி எழுதியிருந்தால் அதையும் பிடித்துவிடும்.